உப்பு ராவுத்தர் வீட்டுக் கடல்

ஆண்டிபட்டிக் கணவாயில் பேருந்து நின்றுவிட்டது. கூரைமேல் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து சாலையோரப் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். அதை எடுத்துவர நடத்துனர் இறங்கிப் போனார். அவர் சட்டை பலூன்போல உப்பியது. பயணிகள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகக் கொறிக்கத் தொடங்கினார்.

"ஆடிக் காத்து அப்பிடித்தேன். போன வருசம் ஒரு ஆட்டுக்குட்டியவே தூக்கிருச்சு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். காற்று அவர் சொந்தச் சொத்து என்பது போலிருந்தது பேச்சு.

எங்கள் சிங்கப்பூரில் இந்தக் காற்றில் பாதி அடித்தாலே ஆளை வெளியே விடமாட்டார்கள். நான் கைக்குட்டையால் முகத்தை மூடி, கண்களையும் மூடிக்கொண்டேன். மூடியதும் அலைச்சத்தம் கேட்டது. ஓர் அலை வந்து உடைந்தது, கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது, மறுபடி வந்தது. கண்ணைத் திறந்தால் கரடும் உடைமரங்களும் காற்றாலைகளும்தான். கடலோரத்திலேயே வேலை பார்த்துப் பழகிய காது, அதனால்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் வேலை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளோடு. கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியாகத் தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். கேட்க எளிது. ஆனால் அந்தச் சவ்வு நன்றாக வேலை செய்வதும் செத்துப்போவதும் பல காரணிகளைப் பொறுத்தது. நீரின் உப்பு, அதன் வெப்பம், பம்பின் அழுத்தம், முதலிலேயே வடிகட்டித் தெளிய வைக்கும் முன்சுத்திகரிப்பு, நூறு குடம் கடல்நீரில் எத்தனை குடம் பிழிந்தெடுக்கிறோம் என்ற விகிதம், நீரின் அமிலத்தன்மை, சவ்வின் வயது என ஏழு. இந்த ஏழையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் பொறுப்பு 2009இல் என்னிடம் வந்தது. சிங்கப்பூரில் புதிதாக ஓர் ஆலை வரவிருந்தது. எதை முதலில் பலப்படுத்துவது, எதில் சிக்கனம் பிடிப்பது என்பதெல்லாம் அந்த வரிசையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

பல நாட்டு அனுபவசாலிகள் பதில் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் பாக்கி. பெயர் அப்பாஸ் அலி. வளைகுடாவில், உலகத்திலேயே மிகச் சூடான, மிக உப்பான கடல்களில் ஒன்றில் ஓர் ஆலையை இருபது வருடத்துக்கும் மேல் நடத்தியவர். ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான உத்தமபாளையத்துக்கு வந்துவிட்டார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. தொலைபேசியில் ஒரே ஒருமுறை கிடைத்தார். "நாங்க ரெண்டு பேருமாச் சேந்துதான் சொல்லணும் மேடம். நேர்ல வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கூட வேலை பார்த்த யாரோ பக்கத்தில் வசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பையைக் கட்டினேன்.

தேனியில் பேருந்து மாறும் இடைவெளியில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். எங்கள் சிங்கப்பூர்த் தேக்கா கடைகளில் கிடைப்பதைவிட இது மெலிது, காரம் இரண்டு மடங்கு. கண்ணீரோடு சாப்பிட்டதைப் பார்த்த கடைக்காரர், கேட்காமலே ஒரு ஆம்லெட்டை இலையில் வைத்தார். "வெளியூரா? இதத் தின்னா எரியாது" என்றார். எரிந்தது.

உத்தமபாளையத்தில் ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னேன்.

"எந்த ராவுத்தரு? உப்பு ராவுத்தரா?"

"உப்பு ராவுத்தரா?"

"தூத்துக்குடியிலருந்து லாரியில மூட்ட மூட்டையா உப்பு எறக்குறாகல்ல, அவுகதேன். மொதல்ல கருவாட்டுக் கம்பெனி போடப் போறாகன்னு நெனச்சோம். ஒரு மீனக்கூடக் காணோம்."

வாய்க்கால் பாலத்தோடு ஆட்டோவை நிறுத்திவிட்டார். "அங்கன வண்டி வராதுக்கா. ஒரு நா போயி நின்னேன், மக்காநா பாத்தா வண்டி பூராத் துரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இரண்டு பக்கமும் தென்னை, வாழை. கிழக்கே மேகமலையின் தலையில் மேகம் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. இத்தனை நல்ல தண்ணீர் ஓடும் ஓர் ஊருக்கு, உப்பை நீக்குவதைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேனே என்று வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கை ஒரு திராட்சைப் பந்தல் வரும்வரைதான் இருந்தது.

பந்தலின் ஒவ்வோர் இலையும் ஓரத்தில் மட்டும் கருகியிருந்தது. இலை இலையாகப் பறித்து விளக்கில் காட்டிவிட்டுத் திரும்ப ஒட்டவைத்தது போலிருந்தது. கிட்டே போனேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. பாசியும் உப்பும் கலந்த, அலை வடிந்த கரையின் வாடை.

"யாராத்தா அது?"

பந்தலுக்குள்ளிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். தலையில் துண்டு, கையில் அரிவாள். பெயர் பாண்டியம்மா. தோட்டம் அவருடையது. நான் இலையைத் தொட்டுக் காட்டினேன்.

"என்னத்தச் சொல்ல. ஒரு வருசமா இப்பிடித்தேன் காயுது. கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருது. வாய்க்காத் தண்ணிதேன் சொமந்து காட்டுறேன்." குரலைத் தாழ்த்தினார். கைநீட்டி, தென்னைகளுக்கு அப்பால் தெரிந்த வெள்ளை வீட்டைக் காட்டினார். "அந்த வீட்டுல கடல அடைச்சு வச்சிருக்காக ஆத்தா. காது குடுத்துக் கேளு, மூச்சு விடும்."

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அதனடியில் ஒரு சீரான முனகல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான், உயர் அழுத்தப் பம்பு. ஆனால் இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது.

பையில் எப்போதும் பேனா அளவில் ஓர் உப்புமானி வைத்திருப்பேன். கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொல்லி அதை முக்கினேன். எண்கள் ஏறிக்கொண்டே போயின. பயிர் தாங்கக்கூடிய அளவையெல்லாம் தாண்டித்தான் நின்றன.

"அவங்ககிட்ட நீங்க கேட்டுப் பாக்கலையா?"

"எப்பிடித்தாயி கேக்குறது? எம் மக கல்யாணத்துல மொத ஆளா வந்து நின்ன மனுசன். ரெண்டுவாட்டி வாசவரைக்கும் போனேன். உள்ள யாருகூடயோ பேசிக்கிட்டிருந்தாக. எட்டிப் பாத்தா அவுகளத் தவிர வேற ஆளு இல்ல. திரும்பி வந்துட்டேன்." அரிவாளின் முனையால் தரையைக் கீறினார். "வெள்ளிக்கெழம ஆளு வருது. பந்தலப் பிரிச்சு, கொடிய வெட்டிப்போட்டு, எடத்தக் குடுத்துட்டு மக ஊருக்கே போயிருவேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

வெள்ளை வீட்டில் என்னை வரவேற்றவர் ரஹ்மத் அக்கா, அப்பாஸ் அலியின் மனைவி. "சிங்கப்பூர்லருந்து நம்மள நம்பி ஒரு பொம்பளப் புள்ள வந்திருக்கே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தாளிச்சாவும் பரிமாறினார். ஏலக்காய் மணம் மூக்கைத் துளைத்தது. முதல் வாயிலேயே நிறுத்தினேன். எதிலும் ஒரு கல் உப்புக்கூட இல்லை.

"அங்கன கிண்ணத்துல இருக்கு, நீயே போட்டுக்கம்மா. இந்த வீட்டுல நான் உப்பத் தொடுறத விட்டுட்டேன்" என்றார், விருந்தாளியிடம் மின்விசிறிப் பொத்தானைக் காட்டுகிற குரலில்.

அப்பாஸ் அலி பின்வாசல் வழியாக வந்தார். தேய்த்த சட்டை, பையில் பேனா, அலுவலகத்திலிருந்து இப்போதுதான் வந்தவர் போல. நல்ல பேச்சுக்காரர். பயணம் எப்படி, உங்கள் கடலின் வெப்பம் என்ன, எந்த வகைச் சவ்வு என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே அவர் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை மயிர்களில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கண் சிமிட்டும்போது அது கன்னத்தில் உதிர்ந்தது.

"வாங்க, பிளாண்டுக்குப் போவோம்" என்றார்.

வீட்டின் பின்னால், முன்பு திராட்சைப் பெட்டிகளை அடுக்கிவைத்த கொட்டகை. ஜன்னல்களுக்குச் சாக்கு அடித்திருந்தது. நண்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. சுவர்களில் உப்பு பூத்து, விரல் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. நடுவே சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். பக்கத்துத் தொட்டிகளில் பாசி வளர்த்திருந்தார், வாடை அதிலிருந்துதான். மூலையில் பம்பு, அதோடு சவ்வு பொருத்திய நீளமான குழாய், மானிகள். எல்லாமே முறையாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

"எங்க கடல்தான் இது. உப்பு, சூடு, பாசி எல்லாம் அதே அளவு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். உடம்புச் சூட்டில் இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைத் தொட்டதுபோல. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

மூன்று நாற்காலிகள் கிடந்தன. காலியாக இருந்த ஒன்றில் என் பையை வைத்தேன். அவர் பதறாமல், மரியாதையாக, அதை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அது பிஜு உக்கார்ற எடம் மேடம்."

வேலையைத் தொடங்கினேன். என் முறை எளிமையானது. ஏழையும் ஒரேயடியாக வரிசைப்படுத்தச் சொல்வதில்லை. இரண்டிரண்டாக எடுத்துக் கேட்பேன். உப்பா, வெப்பமா, எது முக்கியம், எத்தனை மடங்கு? வெப்பமா, அழுத்தமா? இப்படி இருபத்தொரு ஜோடி. பதில்களைக் கணக்கில் போட்டால் வரிசை தானாக வரும். பதில் சொல்கிறவருக்கே தன் வரிசை கடைசிவரை தெரியாது.

"உப்பா, வெப்பமா?" என்றேன்.

தன் பதிலை உடனே சொன்னார். பிறகு காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, மலையாளத்தில் ஏதோ கேட்டார். காத்திருந்தார். தலையாட்டினார். "பிஜு சொல்றான், உப்பு. ரெண்டு மடங்கு."

என் பேனா நின்றது. வாசலில் ரஹ்மத் அக்கா தேநீரோடு நின்றிருந்தார். அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. நான் தாளில் இன்னொரு பத்தி கோடு போட்டு, அந்தப் பதிலையும் எழுதினேன்.

இப்படியே போயிற்று. சில கேள்விகளுக்கு நாற்காலியிலிருந்து பதில் வரத் தாமதமானது. அப்பாஸ் அலி பொறுமையாகக் காத்திருந்தார். ஒருமுறை எதையோ கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். ஒருமுறை வாக்குவாதமே நடந்தது. எனக்கு மலையாளம் தெரியாது. ரஹ்மத் அக்கா என் காதருகில் குனிந்து மெல்லச் சொன்னார்.

"'என்னடா இவ்வளவு கம்மியாச் சொல்ற'ன்னு கேக்குறாக. 'கோபப்படாம எழுதிக்கங்க சேட்டா'ன்னு அவன் சொல்றானாம்."

"அவன் சொல்றது உங்களுக்குக் கேக்குதாக்கா?"

"எனக்கு எங்க கேக்குதும்மா. இவுக திருப்பிச் சொல்லுறத வச்சுத்தேன்."

மறுநாள் காலை ரஹ்மத் அக்கா இடியாப்பம் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பிஜு குமுளிக்கு அந்தப் பக்கத்துப் பையன். வளைகுடா ஆலையில் இவருக்குக் கீழே வேலை பார்த்தவன், முப்பதைத் தாண்டாதவன், ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருநாள் ஆலை நிர்வாகம், எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று முக்கியத்துவப்படி ஒரு வரிசை கேட்டது. அப்பாஸ் அலி முன்சுத்திகரிப்பை ஏழாவதாக, கடைசியில் வைத்தார். இருபது வருடமாக அந்தக் கடல் கண்ணாடிபோல் இருந்தது, வேறெப்படி வைப்பார்? புது வடிகட்டிகள் வேண்டாமென்று முடிவாயிற்று.

"அந்தக் கோடையில கடலு செவந்துபோச்சும்மா. ஏதோ பாசி பூத்துச்சாம். பகல்ல ரத்தம் மாதிரி, ராத்திரி நீலமா மின்னும். தண்ணி எடுக்குற வாய் பூரா கொழகொழன்னு அடைச்சுக்கிருச்சு. அத வழிக்கத்தேன் பிஜு எறங்குனான். இவுகதேன் கயிறு புடிச்சிருந்தாக." மாவை அழுத்திய கை நின்றது. "இழுத்தப்ப கயிறு லேசா வந்துச்சாம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

"ஊருக்கு வந்ததுலருந்து இதுதேன். எது மொதல்லன்னு கண்டுபுடிச்சே தீருவேன்னு நிக்கிறாக. நீ படிச்ச புள்ள. 'உங்க கணக்கு சரி, முடிஞ்சுபோச்சு'ன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போயேம்மா. அந்தப் பம்பு நின்னாப் போதும் எனக்கு."

பொய் சொல்லலாம். ஆனால் எந்தப் பொய்யை? எது முதலில் என்று சொன்னால் அவர் ஆறுவார்?

அன்று கொட்டகையில் அதே ஜோடிகளைத் தலைகீழாக மாற்றி, வரிசை கலைத்துக் கேட்டேன். இது எல்லோரிடமும் செய்வதுதான். நேற்று உப்பு வெப்பத்தைவிட இரண்டு மடங்கு என்றவர், இன்று வெப்பம் உப்பில் பாதி என்று சொல்கிறாரா என்று பார்ப்பதற்காக. அப்பாஸ் அலி நடுவில் தடுமாறினார், எரிச்சல்பட்டார். நாற்காலியிலிருந்து வந்த பதில்களில் தடுமாற்றம் இல்லை.

எல்லாம் முடிந்து தாளை மடித்தபோது அவர் நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார். முகம் சுருங்கியது.

"பிஜு உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றான் மேடம். உங்க லிஸ்ட்ல, வெளிய போற தண்ணியக் காணோமேன்னு. மிச்ச உப்புத் தண்ணி எங்க போகுதுன்னு."

"அது சவ்வோட செயல்பாட்டுல வராது சார்" என்றேன். சொல்லும்போதே பாண்டியம்மாவின் கிணறு நினைவுக்கு வந்தது. அந்தக் கிணற்றைப் பற்றி நான் அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மாலையில் விடுதி அறையில் மின்வெட்டு. மடிக்கணினியில் மின்கலம் இருக்கும்வரை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெளியே காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு சோதனை உண்டு. உப்பு வெப்பத்தைவிட இரு மடங்கு, வெப்பம் அழுத்தத்தைவிட இரு மடங்கு என்று ஒருவர் சொன்னால், உப்பு அழுத்தத்தைவிட நான்கு மடங்கு என்று சொல்லவேண்டும். யாரும் அவ்வளவு சீராகச் சொல்வதில்லை. எனக்குப் பதில் தந்த பேராசிரியர்கள், மேலாளர்கள் எல்லோரிடமும் முரண் இருந்தது. மனிதர்கள் என்றால் இருக்கும். அப்பாஸ் அலியின் பதில்களில் முரண் தலைவிரித்து ஆடியது. எதோடு ஒப்பிட்டாலும் முன்சுத்திகரிப்புதான் பெரிது, ஒன்பது மடங்கு, ஒன்பது மடங்கு என்று சொல்லியிருந்தார்.

இரண்டாவது பத்தியை, பிஜுவின் பதில்களை, கணக்கில் போட்டேன். முரண் ஏறக்குறைய இல்லவே இல்லை. தலைகீழாகக் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் முதல் நாள் பதிலின் துல்லியமான தலைகீழ். தன் பதிலையே நினைவில் வைக்கத் தெரியாத ஒரு மனிதர், கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், இன்னொருவரின் நாற்பத்திரண்டு பதில்களைப் பிசகாமல் எப்படிச் சொன்னார்? கணக்கை அழித்து மறுபடி போட்டேன். அதேதான்.

பிறகு அந்த வரிசையைப் பார்த்தேன். உப்பு, வெப்பம், அழுத்தம். முன்சுத்திகரிப்பு நான்காவது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. போகும்போதே பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து, முதலில் அவருடைய வரிசையைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். எதிர்பார்த்ததுதான்.

"இனி பிஜுவோட வரிசை" என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"முன்சுத்திகரிப்பு நாலாவது சார்."

"நாலாவதா?"

"ஆமா."

"மொதல்ல இல்லையா? அவனா சொன்னான்?"

"நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. ஒவ்வொண்ணா."

அவர் எழுந்தார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னைக்கு ஏழாவதா வச்சேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணாவதா வச்சிருக்கேன்" என்றார். குரல் கொட்டகையின் மூலையிலிருந்து வருவதுபோல் இருந்தது. "ரெண்டும் இல்லங்கிறானா?"

"ரெண்டும் இல்ல சார். நாலு."

அப்போது அழத் தொடங்கினார். சத்தமில்லாத அழுகை. கண்ணீர் இமைகளில் படிந்திருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. ரஹ்மத் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அப்போதுதான் மிச்சத்தையும் சொன்னேன். கிணறு, மாடு, கருகிய இலை, நாளை காலை அரிவாளோடு வரப்போகிற ஆட்கள். ஒரு வருடமாக அவர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் திறந்துவிட்ட மிச்ச நீர் மண்ணுக்குள் இறங்கி எங்கே போயிற்று என்பது.

அவர் அதிர்ச்சியடையவில்லை. "நேத்து அவன் கேட்டானே" என்று மட்டும் சொன்னார். போய்ப் பம்பின் சுவிட்சை அணைத்தார்.

அந்த நிசப்தத்தை என்னால் விவரிக்க முடியாது. வெளியே காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது வெறும் காற்றாக இருந்தது. தொட்டியில் அதிர்ந்துகொண்டிருந்த நீர் மெல்ல அசைவற்றுப் போயிற்று. ரஹ்மத் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூவரும் தென்னைகளுக்கிடையே நடந்து போனோம். பாண்டியம்மா எங்களைக் கண்டதும் துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார்.

"வாங்க ராவுத்தரே. சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல."

"தண்ணி எறைங்க" என்றார் அப்பாஸ் அலி.

"வேணாங்க, அது குடிக்கிற மாதிரி இல்ல."

"எறைங்க."

வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளினார். வாயில் வைத்து, துப்பாமல், விழுங்கினார். மறுபடி அள்ளினார். இரண்டாவது முறை பாண்டியம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு? மாடு குடிக்காதத மனுசன் குடிப்பானா?"

"நான் செஞ்சது ஆத்தா. கடலும் இல்ல, பேயும் இல்ல. நான்தேன். நாளைக்குக் கொடிய வெட்டாதீக."

பாண்டியம்மாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஒரு வருடத்துக் கோபமும் வந்தது. மாடு, மகள், கடன் வாங்கித் தெளித்த மருந்து, ஊரார் பேச்சு என்று கணவாய்க் காற்றைவிட வேகமாக ஏசினார். அப்பாஸ் அலி தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஏசி முடித்து மூச்சு வாங்கியபோது, "ஒரு வருசமா என்னையக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாமே" என்றார் அப்பாஸ் அலி. "கேக்கத்தேன் வந்தேன்! நீங்க யாருகூடயோ பேசிக்கிட்டிருந்தீகளே!" என்று பாண்டியம்மா திருப்பிக் கத்தினார்.

மண்ணில் ஏறிய உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். நிறைய விட்டுக் கரைத்து வடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கிணற்றை இறைத்து இறைத்துக் காலி செய்யவேண்டும். பின்பக்கக் குழியின் மண்ணையும் தோண்டி எடுத்து, தண்ணீர் படாத இடத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும். அன்று பிற்பகலே அப்பாஸ் அலி தன் பங்கு வாய்க்கால் நீரைப் பாண்டியம்மாவின் பந்தலுக்குத் திருப்பினார். தேய்த்த சட்டையும் கையில் மண்வெட்டியுமாக வரப்பை வெட்டினார். பாண்டியம்மா கரையில் நின்று, "அங்கன இல்ல, இங்கன வெட்டுங்க!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். கொடி பிழைக்குமா என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

கிளம்பும்போது பையை எடுக்கக் கொட்டகைக்குள் போனேன். சாக்குகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். வெயில் விழுந்து சுவரெல்லாம் மினுங்கியது. அந்த மூன்றாவது நாற்காலியைத் தாண்டித்தான் போகவேண்டும். அதன் பக்கம் பார்க்காமல் போக நினைத்தேன், முடியவில்லை. எல்லாவற்றின் மேலும் உப்பு படிந்திருந்த அந்த அறையில், அந்த நாற்காலியின் இருக்கை மட்டும் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அப்பாஸ் அலிதான் தினமும் துடைத்திருப்பார். வேறென்ன? அவரிடம் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் அறிக்கை கொடுத்தபோது இரண்டாவது பத்தியையும் சேர்த்தேன். இவ்வளவு முரணற்ற பதில் யாருடையது என்று குழுத்தலைவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பக்கத்தை மெதுவாகத் திருப்பிவைத்து, இதைச் சேர்க்க முடியாது என்றார். சரிதான். பிறகு, யாரையும் பார்க்காமல், "நம் மிச்ச நீர் எங்கே போகப்போகிறது என்று யாராவது பார்த்தோமா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு கூட்டங்கள் அதைப் பற்றியே நடந்தன.

மழைக்காலம் முடிந்தபின் ரஹ்மத் அக்கா தொலைபேசினார். பந்தலில் பாதிக் கொடி போய்விட்டது, பாதி துளிர்த்திருக்கிறது. மாடு இன்னும் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை, ஆனால் மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் நக்கிப் பார்க்கிறதாம். தொட்டியை இடித்துவிட்டார்கள். சமையலுக்கு அக்கா மறுபடி உப்பு போடுகிறார்.

"சார் எப்படி இருக்கார்க்கா?"

"நல்லாத் தூங்குறாக. சாப்புடுறாக. பகல்லதேன் அப்பப்ப கொட்டகைப் பக்கம் போயி நின்னுட்டு வர்றாக." கொஞ்சம் தயங்கினார். "பிஜு போயிட்டானாம்மா. பம்ப நிறுத்துன அன்னைக்கே. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானேன்னுதேன் அவுகளுக்கு வருத்தம்."